மாதம்மாள் கேட்ட முகம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது, லேசர் மெஷினைப் பற்றி நான் நாலு குறை சொல்வேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. நான் நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து போட்ட முகத்தை, அது டீ ஆறுவதற்குள் போட்டுவிடுகிறது. அந்த மெஷின் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என் கழுத்து இன்று இப்படி வலிக்காது.

ஆனால் இறந்தவரின் முகத்தைக் கறுப்புக் கல்லில் போடும் வேலையில் ஊசியோ மெஷினோ செய்வது பாதிதான். மீதிப் பாதி, கல்லைச் சுற்றி நிற்கிற ஆட்களோடு. அந்தப் பாதியை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை.

அரூரில் சேலம் போகும் ரோட்டோரம் எங்கள் பட்டறை. கல்லுக்குப் பாலீஷ் போடத்தான் நான் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்தவள் என்று தெரிந்ததும் முதலாளி, கல்லில் புள்ளி புள்ளியாக முகம் கொத்தும் ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். அவர் அதிகம் பேச மாட்டார். ஒரு தடவை, பெரிய குடும்பத்து ஆட்கள் அண்ணனும் தம்பியும் வந்திருந்தார்கள். அவர்கள் அப்பாவின் உதட்டை நான் கொத்திக்கொண்டிருக்கிறேன். அண்ணன் மீசையை அடர்த்தியாகப் போடச் சொல்கிறார். தம்பி, அப்பாவுக்கு அப்படி மீசையே கிடையாது என்கிறார். தலைக்கு மேலே சண்டை முற்றிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்து, "நீ போடும்மா, நான் சொல்றேன்" என்று அதட்டினார். என் கை தானாகவே கல்லுக்குப் போனது.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "செல்வி, ஊசியக் கீழ வை. டீ வந்துருக்கு" என்றார்.

டீ வரவில்லை. அதற்கப்புறம்தான் கடைக்கு ஆள் அனுப்பினார். டீ வரும்வரை அண்ணனும் தம்பியும் ஒரே கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. குடித்து முடிக்கும்போது மீசை விவகாரம் முடிந்திருந்தது. அடுத்தவர் கோபத்துக்கு என் கையை நகரவிடக் கூடாது என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். ஊசியைக் கீழே வைப்பதும் நம் வேலையில் ஒரு பகுதிதான்.

இனி மாதம்மாளைப் பற்றிச் சொல்கிறேன்.

பொம்மிடிப் பக்கம் ஒரு ஊர். கணவர் இறந்த பிறகு மரவள்ளியும் மஞ்சளும் போட்டு, சொந்தக் காட்டைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் காலையில் ஒயர் கூடையோடு பட்டறைக்குள் வந்து, "ஒரு கல்லு வேணும்" என்றார்.

"யாருக்குங்கக்கா?" என்றேன்.

"எனக்குத்தான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வலது கண்ணோரத்திலிருந்து நெற்றி வரைக்கும் தோல் வெளுத்திருந்தது. வாயைச் சுற்றி இன்னொரு வெள்ளை, அது இடது கன்னத்தில் ஏறிக் காதுவரை போயிருந்தது. வெண்புள்ளி. ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனாலும் நம் ஊரில் அதை வைத்து என்னென்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

"இருதயத்துல கோளாறு இருக்குதுன்னு தருமபுரி டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்காக அழுவறதுக்கு வரல. நான் போனப்பறம் எம் புள்ளைங்க கல்லு வெப்பாங்க. ஆல்பத்துல இருக்கற படத்தத்தான் குடுப்பாங்க. அதுல நான் இல்ல" என்றார்.

மகன் புது வீடு கட்டிக் குடிபோனபோது எடுத்த ஆல்பத்தைச் சொன்னார். ஸ்டுடியோக்காரர் அவர் முகத்தை ஒரே நிறமாக வழித்துக் கொடுத்திருக்கிறார். "யாரோ பொம்பள எஞ் சீலயக் கட்டிக்கினு எம் பையன் பக்கத்துல நிக்கறா. அவளுக்கா நான் கல்லு வெக்கணும்? நீ என்னயப் பாத்துப் போடு."

அதுவரை ஃபோட்டோவைப் பார்த்துத்தான் நான் முகம் போட்டிருக்கிறேன். உயிரோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்து தன் நினைவுக்கல்லுக்கு முகம் காட்டியது அதுதான் முதல் தடவை. முதலாளியைப் பார்த்தேன். அவர் நல்ல கல்லாகத் தேடி எடுக்கப் போய்விட்டார்.

மாதம்மாள் தோட்டத்து வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி வந்து எதிரில் உட்காருவார். சும்மா உட்கார மாட்டார், பேசுவார். மகள் பிறந்த பிறகுதான் முகத்தில் வெள்ளை விழ ஆரம்பித்ததாம். வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் அவருக்கென்று தனி டம்ளர் வைத்தார்கள். சந்தையில் அவர் கொட்டை எடுத்த புளியை யாரும் வாங்கவில்லை. அதனால் ஓட்டோடு விற்க ஆரம்பித்தார். "ஓடு இருந்தா எங்கை படலன்னு நெனச்சிக்குவாங்க. பறிச்சதே நான்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

"உங்க வூட்டுக்காரரு எப்படி?" என்று கேட்டேன்.

"அவரு ஒண்ணும் பேச மாட்டாரு. நான் சாப்பிட்டு மிச்சம் வெச்ச தட்டுல சோத்தப் போட்டுக்குவாரு. அவங்க அம்மா பாக்கறப்ப வேணும்னே போட்டுக்குவாரு."

வேலையில் ஒரு சிக்கல் வந்தது. கறுப்புக் கல்லில் ஊசி பட்ட இடம் வெளுக்கும். புள்ளிகள் நெருங்கினால் வெளிச்சம், விலகினால் நிழல். மாதம்மாளின் கண்ணோரத்து வெள்ளையை முதலில் ஒரு துண்டுக் கல்லில் போட்டுப் பார்த்தேன். அவரிடம் காட்டினேன். வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதென்னா, வெயிலு அடிக்கற மாதிரி இருக்குது. நான் நெழலுலதான ஒக்காந்திருக்கறேன்?"

அவர் சொன்னது சரி. வெள்ளையாகப் போட்டால் பார்க்கிறவர் கண் அதை வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்ளும். அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் வித்தியாசம் பிடிபட்டது. வெளிச்சத்துக்கு ஓரம் கிடையாது, மெதுவாக மங்கிப் போகும். வெண்புள்ளிக்கு ஓரம் உண்டு. குளத்துக் கரை மாதிரி உள்ளே போய் வெளியே வந்து வளைகிற ஓரம். அந்த ஓரம் அவருடையது, வேறு யாருக்கும் வராது. அது சரியாக வந்தால்தான் முகம்.

கண்ணோரத்தை அப்படியே போட்டேன். மூக்கு, நெற்றி, வலது கன்னம் எல்லாம் வந்துவிட்டது. வாயையும் இடது கன்னத்தையும், ஆளை எதிரில் வைத்துக்கொண்டே நேராகக் கொத்திவிடலாம் என்று கோடுகூட இழுக்காமல் விட்டிருந்தேன்.

அதற்கப்புறம் மாதம்மாள் வரவில்லை.

அவருக்குப் பதிலாக மகன் முருகேசன் வந்தான். முகம் மழிக்காமல், கண் சிவந்து, கையில் பெரிதாக்கிய ஒரு படத்தோடு. அம்மா மஞ்சள் காட்டில் மயங்கி விழுந்ததாகவும், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாகவும் சொன்னான். கல்லைப் பற்றி அவன் தங்கையிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாராம்.

நான் கல்லைக் காட்டினேன். அவன் அதன் முன்னால் நின்றான். கண்ணோரத்தைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டான்.

"ஏங்கம்மா, இத மாத்தி இந்த ஃபோட்டோல இருக்கற மாதிரி போட்டுருங்க" என்றான்.

ஆல்பத்துப் படம். மாதம்மாள் சொன்ன அந்த யாரோ பொம்பளை.

"அவங்க உக்காந்து போடச் சொன்ன முகம் தம்பி இது."

"தெரியும்ங்க. எங்க தங்கச்சிக்கு எடம் பேசி வெச்சிருக்கறோம். மாப்ள வூட்டுக்காரங்க காரியத்துக்கு வர்றாங்க. கல்லு ரோட்டோரத்துல எங்க காட்டுல நிக்கப்போவுது. எங்கம்மாவுக்கு இப்படி இருந்துச்சின்னு அவங்களுக்கு அரசல்புரசலாத்தான் தெரியும். கல்லுலயே பாத்துட்டா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ள வாழ்க்க என்னாவறது?"

நான் சொன்னேன்: "இந்தக் கல்லுல நான் மாத்த மாட்டேன். வேற கல்லுல வேற ஆள வெச்சிப் போட்டுக்குங்க."

அவன் குரல் உயர்ந்தது. "எங்க வூட்டு விசயத்துல முடிவு சொல்றதுக்கு நீங்க யாருங்க? எங்கம்மாவ மறைக்கணும்னு எனக்கு ஆசையா? தூக்கிக்கினு ஓடனவன் நான்."

ஊசியைக் கீழே வைத்தேன். டீ சொன்னேன். அவன் குடிக்கவில்லை. படத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கு என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். மாதம்மாளுக்குக் கொடுத்த வார்த்தையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முருகேசன் கேட்டது வீம்பும் இல்லை. செத்தவர் கேட்டதை நான் நிறைவேற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். அதற்கான விலையைக் கொடுக்கப்போவது நான் முகம்கூடப் பார்க்காத ஒரு பெண். அவளைக் கேட்காமல் நானும் அவள் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். இதை முதலாளியிடம் சொன்னேன். "கல்லு எங்கயும் ஓடாது. நீ போய்ட்டு வா" என்றார்.

மறுநாள் பொம்மிடிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் முருகேசன் முற்றத்தில் காரியத்துக்குப் பாத்திரம் எண்ணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் "வாங்க" என்றான். சாவு வீட்டுக்கு வந்தவளை வாசலில் நிறுத்துகிற பையன் இல்லை அவன். தங்கை சிந்து உள்ளே இருந்தாள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா உங்களப் பத்திச் சொல்லும் ஆன்ட்டி. பட்டறைக்குப் போய்ட்டு வர்ற அன்னிக்கி எல்லாம் நல்லா சாப்பிடும்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சொன்னதையும் அவன் பக்கத்து நியாயத்தோடு சேர்த்தே சொன்னேன். பிறகு, "நீ வேணாம்னா அந்தக் கல்ல முடிக்காம அப்படியே வெச்சிருவேன். ஆனா வழிச்ச முகத்த அதுல போட மாட்டேன். எனக்கு நீ என்ன நெனைக்கறன்னு தெரியணும்" என்றேன்.

அவள் என் கையை விட்டாள்.

"எனக்கு அவர புடிச்சிருக்கு ஆன்ட்டி. தெனமும் ஃபோன்ல பேசறோம். பயமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, "அம்மாவோட ஃபோட்டோ என் ஃபோன்ல நெறய இருக்கு. நேத்து எல்லாத்தயும் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுலகூட வெள்ள இல்ல. எல்லாம் ஃபில்டர் போட்டு எடுத்தது. நான்தான் போட்டேன். அம்மா பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கினே இருந்துச்சி, ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அழுதாள். நான் அழவிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்து மாப்பிள்ளைக்குப் போட்டாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், உட்காரச் சொன்னாள்.

"நான்தாங்க. ஒரு விசயம். எங்கம்மாவுக்கு மொகத்துல வெண்புள்ளி இருந்துச்சி. நாங்க உங்ககிட்ட வெளிப்படையா சொல்லல. காரியத்தன்னிக்கி கல்லு வெக்கறோம், அதுல அப்படியேதான் இருக்கும். வந்து பாத்துத் தெரிஞ்சிக்க வேணாம்னு முன்னாடியே சொல்றேன். எனக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. வந்தாலும் வரலாம்."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரிங்க, வூட்ல சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

முற்றத்தில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. முருகேசன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். தங்கையைத் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தலையைக் கையில் பிடித்துக்கொண்டான்.

நான் மெதுவாகச் சொன்னேன்: "தம்பி, இன்னொரு கஷ்டம் இருக்குது. வாய்ப்பக்கமும் காதுப்பக்கமும் நான் இன்னும் கொத்தல. ஓரம் எப்படிப் போவுதுன்னு எனக்குச் சரியா மனசுல இல்ல. ஃபோட்டோ ஒண்ணுலயும் இல்ல. தோராயமாப் போட்டா அது அவங்க முகம் ஆவாது."

சிந்து யோசித்தாள். கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியல ஆன்ட்டி" என்றாள். நொந்துபோய்விட்டாள்.

முருகேசன் தலையை நிமிர்த்தாமலே பேசினான். "ஒதட்டுக்குக் கீழ நடுவுல வராது. ரெண்டு பக்கமும் எறங்கி, நடுவுல கறுப்பு ஒரு வெரக்கட அகலம் நிக்கும்."

நானும் சிந்துவும் அவனையே பார்த்தோம்.

"சின்ன வயசுல அம்மா மடியில படுத்துக்கினு வெரலால கோடு இழுத்துக்கினே இருப்பேன். அதுக்குக் கூச்சமா இருக்கும், கைய தட்டி வுடும். அந்த ஓரம் அப்பறம் நகரவே இல்ல" என்றான்.

அடுத்த நாள் அவன் பட்டறைக்கு வந்தான். மாதம்மாள் உட்கார்ந்த இடத்தில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று என் பின்னாலேயே நின்றான். தன் கன்னத்தில் விரல் வைத்து ஓரத்தை இழுத்துக் காட்டினான். நான் வெள்ளைப் பென்சிலால் கல்லில் இழுத்தேன். "இல்ல, இங்க உள்ள போவும்" என்பான். அழித்துவிட்டு மறுபடி இழுப்பேன். தாடை எலும்புக்கு மேலே ஒரு இடத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலால் இழுத்துப் பார்த்து, "நான் சொல்றதுதான் சரி" என்றான். அவன் சொன்னபடியே போட்டேன். அம்மாவின் வெள்ளையைக் கல்லில் ஏற்றக் கூடாது என்று கத்தியவனும் இவன்தான், அதன் ஓரம் தெரிந்த ஒரே ஆளும் இவன்தான். அவனை வில்லனாக்கி நான் அன்றைக்கே வெளியே அனுப்பியிருந்தால் அந்தக் கல் பாதியோடு நின்றிருக்கும்.

கடைசிப் புள்ளி வைத்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டு நகர்ந்து நின்றேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "அம்மா" என்று கூப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான். ஆட்களோடு சேர்ந்து கல்லை வண்டியில் ஏற்றினான்.

காரியத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய அம்மாவும் மாமாவும் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அந்த அம்மா கல்லின் முன்னால் நின்று கும்பிட்டார், மரியாதையாகச் சாப்பிட்டார், சிந்துவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சரியானதைச் செய்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அந்தப் பெண் உடைந்துபோனாள். அவளைப் பார்க்க நான் போனபோது என் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, எனக்கும்தான். "உங்க மேல கோவம் இல்ல ஆன்ட்டி. ஆனா இப்ப வராதீங்க" என்றாள். வீடு வரும்வரைக்கும், அந்தக் கல்லை வேறுமாதிரி முடித்திருக்கலாமா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன். எப்படிக் கேட்டாலும் முடியாது என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலோடு சேர்ந்து அவள் முகமும் வந்தது. இரண்டையும் சுமக்கத்தான் வேண்டும். சுமக்க முடியாது என்று நினைக்கிறவர்கள் எழுத்து வெட்டும் பக்கம் போய்விடுங்கள், அங்கேயும் நிறைய வேலை இருக்கிறது.

சிந்து பிறகு தருமபுரியில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். நடுவில் ஒரு தடவை அரூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு அவளாகவே ஓடி வந்தாள். "பொண்ணு பாக்க வர்றவங்கள மொதல்ல காட்டுக்குத்தான் கூட்டிக்கினு போறோம் ஆன்ட்டி. சில பேரு அங்கயிருந்தே வண்டி ஏறிடறாங்க. எங்களுக்கு பஜ்ஜி மாவு மிச்சம்" என்று சிரித்தாள். மாதம்மாளின் அதே சிரிப்பு. அப்படி வந்து, கல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்கும் வந்து பஜ்ஜி சாப்பிட்ட ஒருவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள்.

கண் மங்க ஆரம்பித்து, நான் வேலையை விட முடிவு செய்திருந்த நேரத்தில் முருகேசன் பட்டறைக்கு வந்தான். அப்பாவுக்கும் ஒரு கல் வைக்க வேண்டும், அம்மா கல்லுக்குப் பக்கத்தில், நீங்கள்தான் போட வேண்டும் என்றான். மெஷினில் போட்டால் சீக்கிரம் முடியும் என்றேன். கேட்கவில்லை.

படத்தைக் கொடுத்தான். வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். பல்வரிசை பளிச்சென்று இருந்தது. எனக்குக் கடினமான இடம் எதுவும் அதில் இல்லை. நான் சம்மதித்து, படத்தைக் கல்லின் மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசன் போகாமல் நின்றான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லங்கம்மா. அப்பாவுக்கு முன்னால மேல்பல்லு ஒண்ணு கெடையாது. மாடு முட்டி வுழுந்துருச்சி. ஸ்டுடியோக்காரரு அவரா ஒரு பல்ல வெச்சிவுட்டுட்டாரு." விரலால் அந்த இடத்தைக் காட்டினான். "அத எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். எங்கள் வேலையில் அது சுலபம். அந்த இடத்தில் மட்டும் ஊசி வைக்காமல் விட்டுவிட்டேன். கல் தன் கறுப்போடு அங்கேயே நின்றது. பட்டறையில் நான் போட்ட கடைசி முகம் அது.